நிசார் மேல போயாச்சு, இனிமே ரேடார் விமானம் எதுக்கு?

கேள்வி – ஆகஸ்ட் 3, 2025

"ஜூலை 30 ஸ்ரீஹரிகோட்டால இருந்து நாசாவும் இஸ்ரோவும் சேந்து கட்டின ரேடார் சாட்டிலைட் நிசார் போயாச்சு. 12 நாளைக்கு ஒருக்கா நிலம் முழுக்க ரேடார்ல அளக்கும், டேட்டாவும் இலவசம். இதுக்கப்புறமும் நாசா ஒரு ஜெட் விமானத்துக்கு அடியில ரேடாரை மாட்டிக்கிட்டு பறக்குதாம். பழைய பழக்கத்துல பண்ற வீண் செலவு தானே இது? இந்த டேட்டால கை வச்சவங்க யாராவது சொல்லுங்க."

ஆகஸ்ட் 3, இரவு

வீண் செலவு இல்ல. நான் அந்த விமானத்துல ஏறினதில்ல, ஆனா ரேடார் படிச்சதே அது எடுத்த டேட்டாவை வச்சு தான், இப்பவும் நிலம் இறங்கறதை அளக்கணும்னா முறையை முதல்ல அதுல சோதிச்சுட்டு தான் சாட்டிலைட் டேட்டா பக்கம் போறேன்.

நீங்க சொல்றது யுஏவி-சார். கலிபோர்னியால நாசாவோட ஜேபிஎல் ஆய்வகம் கட்டினது, 2007ல சோதனையா பறக்க ஆரம்பிச்சு 2009ல இருந்து ஆராய்ச்சிக்கு ஓடுது. கல்ஃப்ஸ்ட்ரீம்-3 ஜெட், அதோட வயித்துக்கு அடியில ஒரு நீளமான உறை, அதுக்குள்ள தான் ரேடார். எல்-பேண்ட்ங்கற ரேடியோ அலை வரிசை, அலைநீளம் கிட்டத்தட்ட 24 செ.மீ. சுமார் 12.5 கி.மீ உயரத்துல பறந்து பக்கவாட்டுல 16 கி.மீக்கு மேல அகலமா பாக்கும். ஒரு பிக்சல் ஒரு பக்கம் 1.8 மீட்டர், இன்னொரு பக்கம் ஒரு மீட்டருக்கும் கம்மி. மேகமா இருந்தாலும் ராத்திரியா இருந்தாலும் அதுக்கு ஒண்ணுதான்.

நிசார் 747 கி.மீ உயரத்துல இருந்து 240 கி.மீ அகலமா பாக்குது. அகலத்துல போட்டியே கிடையாது, ஒத்துக்கறேன். ஆனா எப்ப பாக்கணும், எந்தப் பக்கத்துல இருந்து பாக்கணும்னு நிசார்கிட்ட போய் கேக்க முடியாது. விமானத்துகிட்ட கேக்கலாம். என் பதில் முழுக்க இதுல தான் இருக்கு, மத்ததெல்லாம் மெதுவா எழுதறேன்.

ஆகஸ்ட் 4

"அவ்வளவு தூரத்துல இருந்து ஒரு மீட்டர் பிக்சல் எப்படி கிடைக்கும், ஆன்டெனா எவ்வளவு பெருசு?"ன்னு ஒரு தம்பி கேட்டிருக்கார். நல்ல கேள்வி. கணக்கு போட்டு பாத்துரலாம்.

ஆன்டெனா நீளம் 1.6 மீட்டர் தான். 24 செ.மீ அலையை அது வழியா அனுப்பினா கற்றை விரிஞ்சுக்கிட்டே போகும், 15 கி.மீ தூரத்துல 2 கி.மீக்கு மேல அகலமாயிடும். சும்மா அப்படியே படம் எடுத்தா ஒரு ஊரே ஒரு புள்ளிக்குள்ள போயிடும். ஆனா விமானம் நகந்துகிட்டே இருக்கு, தரையில இருக்கற ஒரு பாறை அந்த 2 கி.மீ கற்றைக்குள்ள நுழைஞ்சு வெளிய போறவரைக்கும் ஆயிரக்கணக்கான தடவை எதிரொலி அனுப்புது, ஒவ்வொரு எதிரொலியிலயும் தூரம் கொஞ்சம் கொஞ்சமா மாறுது, அந்த மாற்றத்தை கட்டம் (அலை ஏறி இறங்கற சுத்துல எந்த இடத்துல இருக்குங்கறது) பிசகாம பதிவு பண்ணி பின்னாடி கம்ப்யூட்டர்ல சேத்தா 2 கி.மீ நீளமான ஆன்டெனா வச்சு எடுத்த மாதிரி ஆயிடுது. 1951ல கார்ல் வைலி, குட்இயர் விமான கம்பெனில வேலை பாத்த இன்ஜினியர், கண்டுபிடிச்ச யோசனை.

இதுல எனக்கு இன்னும் ஆச்சரியம் போகல: கடைசில கிடைக்கற கூர்மை ஆன்டெனா நீளத்துல பாதி, அதாவது 0.8 மீட்டர். தூரம் அந்தக் கணக்குலயே வராது. ஆன்டெனா சின்னதா இருந்தா கற்றை இன்னும் விரியும், பாறை இன்னும் அதிக நேரம் கற்றைக்குள்ள இருக்கும், படம் இன்னும் கூர்மையாகும். முதல்ல படிச்சப்போ புக்குல தப்பா அச்சடிச்சிட்டாங்கன்னு தான் நினைச்சேன்.

ஆகஸ்ட் 4, கொஞ்சம் கழிச்சு

மேல எழுதினதுல ஒண்ணு சேக்கணும். சின்ன ஆன்டெனா நல்லதுன்னா இன்னும் சின்னதாக்கிக்கிட்டே போகலாமேன்னு கேப்பீங்க. முடியாது, சிக்னல் பலம் போயிடும். சாட்டிலைட்டுக்கு தூரம் பல மடங்கு, அதனால தான் நிசாருக்கு 12 மீட்டர் ரிஃப்ளெக்டர்.

ஆகஸ்ட் 6

விமான ரேடாரோட வரலாறு மேகத்துல ஆரம்பிக்குது. பனாமால டாரியன் பகுதி வருஷம் முழுக்க மேகம், போட்டோ எடுத்து வரைபடம் போட பல வருஷமா முயற்சி பண்ணியும் முடியல. 1967ல ஒரு ராணுவ பக்கவாட்டு ரேடாரை விமானத்துல கொண்டு போய் எடுத்தாங்க, வரைபடம் வந்துருச்சு. அடுத்து பிரேசில், 1970கள்ல ராடாம் திட்டம், அமேசான் காடு மேல கேரவெல் ஜெட் பறக்க விட்டு எடுத்தாங்க, 1975ல அதை முழு நாட்டுக்கும் விரிச்சாங்க. மண், பாறை, காடு, ஆறு எல்லாத்துக்கும் அந்த நாட்டுக்கு முதல் சீரான வரைபடம் அதுல இருந்து தான் வந்துச்சு. ஸ்கேன் பண்ணி போட்டிருக்கற அந்த கறுப்பு வெள்ளை பட்டைங்களை ஒரு நாள் சாயங்காலம் பாக்க உக்காந்தேன், எந்திரிக்க மனசே வரல, ஆத்து வளைவு ஒவ்வொண்ணும் அவ்வளவு தெளிவு.

ஆனா அதுல ஒரு பொழுது மட்டும் தான் தெரியும், மாற்றம் தெரியாது. அதே இடத்தை திரும்ப வந்து எடுத்து ரெண்டையும் கழிச்சுப் பாக்கறப்போ தான் ரேடார் அளவுகோலா மாறுது.

ஆகஸ்ட் 8

"திரும்ப வந்து எடுக்கறது என்ன பெரிய விஷயம்"னு கேட்டவருக்கு.

ரெண்டு படத்தோட கட்டத்தை கழிச்சா நிலம் எத்தனை சென்டிமீட்டர் நகந்துச்சுன்னு தெரியும். 24 செ.மீ அலை போயிட்டு வர்றதால 12 செ.மீ நகந்தா, நகர்வை நிறமா காட்டற படத்துல ஒரு முழு வண்ண வளையம். ஆனா ரெண்டாவது தடவை விமானம் வேற பாதைல வந்தா நிலத்தோட மேடு பள்ளமே பொய்யான நகர்வு மாதிரி படத்துல ஏறிடும். சாட்டிலைட் உயரத்துல கிட்டத்தட்ட காத்தே இல்ல, பாதை ஒழுங்கா இருக்கும். 12 கி.மீ உயரத்துல ஜெட்டை காத்து தள்ளிக்கிட்டே இருக்கும்.

யுஏவி-சார் இன்ஜினியருங்க வச்சுக்கிட்ட நிபந்தனை: ரெண்டாவது தடவை வரும்போது முதல் தடவை போன பாதையைச் சுத்தி 10 மீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய் இருக்கறதா நினைச்சுக்கிட்டு அதுக்குள்ளயே பறக்கணும். நாள் கணக்கா, மாசக் கணக்கா, சில சமயம் வருஷம் கழிச்சும். எந்த பைலட்டும் கையால பண்ண முடியாது. அவங்க பண்ணது அழகான வேலை: விமானத்துல ஏற்கனவே இருக்கற ஆட்டோபைலட்டை மாத்தாம, ரன்வேல இறங்க வழிகாட்டற ஐஎல்எஸ் சிக்னல் மாதிரியே ஒரு சிக்னலை தயார் பண்ணி அதுக்கு குடுத்தாங்க. உடனுக்குடன் திருத்தின ஜிபிஎஸ் வச்சு விமானம் எத்தனை மீட்டர் விலகியிருக்குன்னு கணக்கு போட்டு அந்த சிக்னலா ஊட்டறாங்க. ஆட்டோபைலட் ரன்வேல இறங்கறோம்னு நினைச்சுக்கிட்டு நடு வானத்துல அந்த குழாய்க்குள்ள நேரா போகுது.

மூக்கு ஒரு பக்கம் திரும்பி பறந்தா? கற்றையை எலக்ட்ரானிக்கா திருப்பி சரி பண்ணிடும், ஆன்டெனா அசையவே வேண்டாம்.

ஆகஸ்ட் 8, இரவு

குழாய்க்குள்ள பறந்தாலும் மிச்சம் ஒண்ணு இருக்கு, இதை கைல டேட்டா எடுத்தவங்க தான் சொல்லணும். சில சென்டிமீட்டர் விலகல் ஜிபிஎஸ்லயும் பிடிபடாம தங்கிடும். முதல் தடவை கழிச்சுப் பாத்த ஒரு பட ஜோடியை திறந்தா பறந்த திசையோட ஓட்டத்துல நிறம் மேலயும் கீழயும் அலையலையா போகும், மலை, வயல், ரோடு எதையும் மதிக்காம படத்தோட முழு அகலத்துக்கும் ஒரே சீரா குறுக்க போகும். நிலம் அப்படி நகராது. நிலம் நகந்தா அது ஒரு பிளவுகிட்டயோ கிணறுங்க நெருக்கமா இருக்கற இடத்துகிட்டயோ ஒரு கரைகிட்டயோ ஒட்டிக்கிட்டு இருக்கும். இந்த வித்தியாசம் கண்ணுக்கு பழகறவரைக்கும் எந்த எண்ணையும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. என் வேலைல எனக்கு வந்த முதல் கட்டளையும் இது தான், இப்ப புதுசா வர்ற பசங்களுக்கு நான் சொல்றதும் இது தான்.

ஆகஸ்ட் 11

திசை விஷயம். நிசார் எப்பவும் தன்னோட இடப்பக்கம் மட்டும் பாக்கும். வடக்கு நோக்கி போறப்போ ஒரு கோணம், தெற்கு நோக்கி வர்றப்போ இன்னொரு கோணம், அவ்வளவு தான். துருவத்துக்கு துருவம் சுத்தறதால பார்வை பெரும்பாலும் கிழக்கு மேற்கா விழும். ஒரு மலைச்சரிவு நேரா வடக்காவோ தெற்காவோ வழுக்கினா ரெண்டு கோணத்துலயும் சரியா பிடிபடாது.

கொலராடோல ஸ்லம்கல்லியன்னு ஒரு நிலச்சரிவு, பல நூறு வருஷமா நிக்காம ஊர்ந்துக்கிட்டு இருக்கு, வேகமான இடத்துல ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு செ.மீ. அதை யுஏவி-சார் நாலு திசைல இருந்து பறந்து எடுத்துச்சு. நாலு சாய்வு அளவையும் சேத்தா கிழக்கு, வடக்கு, கீழன்னு மூணு திசை நகர்வும் தனித்தனியா வந்துருது. அந்த முடிவுப் படத்துல அம்புக்குறிங்க ஆறு ஓடற மாதிரி மலையோட இறங்கும்.

நேரமும் அப்படித்தான். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பாலோஸ் வெர்டெஸ் தீபகற்பத்துல 2023, 2024 மழைக்கு அப்புறம் பழைய நிலச்சரிவு வேகம் எடுத்துச்சு, வீடுங்க விரிசல் விட்டு கேஸ் லைன், கரண்ட் எல்லாம் நிறுத்த வேண்டியதாச்சு. 2024 செப்டம்பர் 18ல இருந்து அக்டோபர் 17க்குள்ள விமானம் நாலு தடவை பறந்துச்சு. சில இடம் வாரத்துக்கு 10 செ.மீ கடல் பக்கம் நகந்திருந்துச்சு. இந்த வேகத்துல 12 நாள் காத்திருந்தா என்ன ஆகும்? பக்கத்து பக்கத்து பிக்சலுக்கு நடுவுல 6 செ.மீக்கு மேல வித்தியாசம் வந்துட்டா எத்தனை வளையம் ஓடிச்சுன்னு எண்ணவே முடியாது. சரிவோட ஓரத்துல, அதாவது ஒரு வீடு நகருது அடுத்த வீடு நகரலங்கற இடத்துல தான் அந்த வித்தியாசம் பெருசா இருக்கும், மக்களுக்கு தெரிய வேண்டியதும் அந்த ஓரம் தான். அடிக்கடி வர்ற, பிக்சல் பொடியா இருக்கற ஒண்ணு வேணும்.

ஆகஸ்ட் 15

இன்னிக்கு லீவு, அதனால நான் ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சதை எழுதறேன். எதுக்கு விமானம்னு கேட்டீங்கல்ல, இது தான் என் முழு பதில்.

லூசியானா, அசம்ப்ஷன் பாரிஷ் (அங்க மாவட்டத்தை அப்படித்தான் சொல்வாங்க), பாயூ கோர்ன்னு ஒரு சின்ன ஊர். சதுப்புக் காட்டு ஓரம். அதுக்கு கீழ நெப்போலியன்வில் உப்புக் குமிழ், பூமிக்குள்ள இருந்து மேல வந்த பெரிய உப்பு மலை. கம்பெனிங்க கிணறு போட்டு தண்ணி விட்டு உப்பைக் கரைச்சு எடுக்கறாங்க, எடுத்த இடத்துல குகை ஆயிடுது. ஒரு குகை உப்புக் குமிழோட ஓரத்துக்கு ரொம்ப பக்கத்துல இருந்துச்சு. 2012 கோடைல ஓடையில குமிழி குமிழியா வாயு வர ஆரம்பிச்சுது, சின்னச் சின்ன நடுக்கம், எங்க இருந்து வருதுன்னு யாருக்கும் பிடிபடல. ஆகஸ்ட் 3 காலைல பாத்தா காட்டுல ஒரு பள்ளம், மரமெல்லாம் உள்ள போயாச்சு. குகையோட பக்கச் சுவர் ஆழத்துல இடிஞ்சு சுத்தி இருந்த மண்ணு உள்ள சரிஞ்சிருக்கு. 350 பேரை வெளியேத்தினாங்க. முதல்ல ரெண்டு ஏக்கர் அளவு இருந்த பள்ளம் பின்னாடி 25 ஏக்கரைத் தாண்டி வளந்துச்சு.

இப்ப கேளுங்க. அந்தப் பக்கம் மேல யுஏவி-சார் 2011 ஜூன்லயும் 2012 ஜூலைலயும் பறந்திருக்கு. பள்ளத்துக்காக இல்ல, பள்ளம் வரும்னு யாருக்கும் தெரியாது. லூசியானா கடலோரம் மெதுவா இறங்குதே, அதை அளக்கறதுக்காக. ஜேபிஎல்லோட கேத்லீன் ஜோன்ஸும் ரான் ப்ளோமும் பள்ளம் விழுந்ததுக்கு அப்புறம் அந்த ரெண்டு படத்தையும் கழிச்சு பாத்தாங்க. பள்ளம் விழறதுக்கு ஒரு மாசத்துக்கு முன்னாடியே 500 மீட்டருக்கு 500 மீட்டர் பரப்புல நிலம் நகந்திருக்கு, அதிகபட்சம் 26 செ.மீ, அதுவும் பின்னாடி பள்ளம் விழப்போற இடத்தை நோக்கி. 2014ல வெளியிட்டாங்க.

அந்த நகர்வு பெரும்பாலும் பக்கவாட்டு நகர்வு. நிலம் கீழ இறங்குதான்னு மட்டும் மட்டம் பாக்கற சர்வே பண்ணியிருந்தா பெருசா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ரேடார் சாய்வா பாக்கறதால பக்கவாட்டு நகர்வும் அதுல விழுந்துச்சு.

ஆகஸ்ட் 16

நேத்து எழுதினதை படிச்சுட்டு ஒருத்தர் "அப்போ ரேடார் முன்கூட்டியே சொல்லிடும்"னு எழுதியிருக்கார். அப்படி நான் சொல்லல, அது வேற. அந்த ரெண்டு படமும் டிஸ்க்ல இருந்துச்சு, அவ்வளவு தான். யாரும் அந்த இடத்தைத் தேடல, தேடணும்னு தோணவும் காரணமில்ல. நகர்வு இருந்தா பள்ளம் விழும்னும் கிடையாது, உப்பு, எண்ணெய், நிலத்தடி தண்ணி எடுக்கற இடத்துல நிலம் அசைஞ்சுக்கிட்டே தான் இருக்கும்.

ஆனா ஒண்ணு மட்டும் உறுதி. 2011 ஜூன் படம் இல்லேன்னா 2012 ஜூலை படத்தை எதோட கழிப்பீங்க? காரணம் தெரியறதுக்கு முன்னாடி எடுத்து வச்ச படத்துக்கு தான் இந்தத் துறைல உயிரே இருக்கு. அதனால தான் "என்ன பிரயோஜனம்னு சொல்லு, அப்புறம் பறக்க காசு தர்றேன்"ங்கற பேச்சு எனக்கு பிடிக்கறதில்ல. நான் முன்ன வேலை பாத்த ஒரு இடத்துல பழைய டேட்டாவை இடம் அடைக்குதுன்னு அழிச்சுட்டாங்க, அதுல இருந்த ஒரு ஏரிக்கரையோட பழைய நிலை இனி எங்கயும் கிடைக்காது. அன்னிக்கு வந்த வருத்தம் இன்னும் ஆறல.

ஆகஸ்ட் 21

கரைன்னதும் நினைவு வந்துச்சு. கலிபோர்னியால சாக்ரமென்டோ – சான் வாக்கின் டெல்டா. 19ம் நூற்றாண்டோட பின்பாதில சதுப்பு நிலத்தைச் சுத்தி மண் கரை கட்டி தண்ணியை வடிச்சு விவசாயம் ஆரம்பிச்சாங்க, கரை கட்டினதுல பெரும் உழைப்பு சீனத் தொழிலாளருங்களோடது. மக்கின செடி கொடியால ஆன மண்ணு அது, காத்து பட்டா இன்னும் மக்கி வாயுவா போயிடும். அதனால தீவுங்க இறங்கிக்கிட்டே வந்து சில இடம் இன்னிக்கு கடல் மட்டத்துக்கு கீழ 7 மீட்டருக்கும் மேல. கரை மட்டும் தான் தண்ணியை தடுக்குது, அந்தத் தண்ணியை நம்பி கலிபோர்னியால ரெண்டரை கோடி பேர் இருக்காங்க. 2004 ஜூன் 3, ஜோன்ஸ் டிராக்ட்ங்கற இடத்துல கரை உடைஞ்சு சுமார் 12,000 ஏக்கர் முழுகிச்சு. புயல் இல்ல, நிலநடுக்கம் இல்ல.

இந்த டெல்டா மேல 2009ல இருந்து பல திசைல பல வருஷம் விடாம பறந்தாங்க. இந்த டேட்டாவை திறந்தா வயலெல்லாம் வெறும் பொரிப்பொரியா இருக்கும், ஏன்னா உழுதா, தண்ணி பாய்ச்சினா, பயிர் வளந்தா பழைய படத்தோட ஒட்டாது. நடுவுல கரை மட்டும் மெலிசான நூல் மாதிரி நிறம் பிடிச்சு ஓடும். பிக்சல் சின்னதா இருக்கறதால அந்த கரையோட அகலத்துல பல பிக்சல் விழும், எந்த இடத்துல கரை வெளிப்பக்கம் சாயுது, எந்த இடத்துல சும்மா அமுங்குதுன்னு பிரிச்சுப் பாக்கலாம்.

ஆகஸ்ட் 21, பின்குறிப்பு

திசை பத்தி மேல சொன்னது இங்கயும் வருது. கரை வளைஞ்சு வளைஞ்சு போகும், ஒரே பக்கத்துல இருந்து பாத்தா பாதி கரை மட்டும் சரியா தெரியும்.

ஆகஸ்ட் 26

நிலம் இறங்கி தண்ணிக் கால்வாய் பாதிச்சது கலிபோர்னியாலயான்னு கேட்டவருக்கு: ஆமா, சான் வாக்கின் பள்ளத்தாக்கு தான். நிலத்தடி தண்ணியை உறிஞ்சி உறிஞ்சி மெண்டோட்டா பக்கம் 1925ல இருந்து 1977க்குள்ள நிலம் கிட்டத்தட்ட 9 மீட்டர் இறங்கியிருக்கு. 2012ல ஆரம்பிச்ச வறட்சில திரும்ப போர்வெல். கலிபோர்னியா அக்விடக்ட்னு வடக்கு தண்ணியை தெற்குக்கு கொண்டு போற கால்வாய் அந்த நிலத்து மேலயே போகுது. 2014ல ஒரு இடத்துல 4 மாசத்துல 20 செ.மீ இறங்கினதை யுஏவி-சார் அளந்து காட்டுச்சு, 2015ல அறிக்கை வந்துச்சு. 2017 அறிக்கைல ஒரு பகுதியோட கொள்ளளவே 20 சதவீதம் குறைஞ்சிருச்சுன்னு இருந்துச்சு. கால்வாய் மெல்லிய சரிவுல ஓடறது, நடுவுல குழி விழுந்தா தண்ணி அங்க தேங்கி கரை விளிம்புக்கு ஏறிடும்.

பள்ளத்தாக்கு முழுக்க எங்க இறங்குதுன்னு சொன்னது சாட்டிலைட். கால்வாய்ல எந்தத் துண்டுன்னு சொன்னது விமானம். ரெண்டும் சேந்து பண்ண வேலை இது, நான் சாட்டிலைட்டுக்கு எதிரி இல்ல.

களிமண்ணு ஒரு தடவை அமுங்கிட்டா மழை பெஞ்சாலும் பழைய இடத்துக்கு வராது. நம்ம ஊர்ல ஆயிரம் அடி போர் போடறவங்க இதை ஒரு நிமிஷம் யோசிக்கணும்.

செப்டம்பர் 2

எண்ணெய். 2010 ஏப்ரல் 20 மெக்சிகோ வளைகுடால டீப்வாட்டர் ஹொரைசன் வெடிச்சதும் ஜூன்ல விமானத்தை அங்க கொண்டு போனாங்க. எண்ணெய் படிஞ்சா கடல்ல பொடி அலை அடங்கிடும், ரேடார்ல கறுப்பா தெரியும், இது எல்லாருக்கும் தெரிஞ்சது. ஆனா கறுப்புக்குள்ள என்ன இருக்கு, மெலிசான படலமா, தண்ணியோட கலந்த கெட்டியான குழம்பா? சாட்டிலைட் ரேடார்ல கறுப்பு இடத்துல அதோட சொந்த இரைச்சல் தான் மிஞ்சும். யுஏவி-சாருக்கு இரைச்சல் ரொம்ப ரொம்ப கம்மி, அதனால கறுப்புக்குள்ளயும் சிக்னல் இருந்துச்சு, எண்ணெய் தண்ணியோட எந்த அளவுக்கு கலந்திருக்குன்னு சொல்ல முடிஞ்சுது. பரட்டாரியா விரிகுடால எண்ணெய் புல் சதுப்புக்குள்ள நுழைஞ்சதையும் அதுல பாத்தாங்க. 2015ல வட கடல்ல நார்வே பக்கம் வேணும்னே அளந்து எண்ணெய் கொட்டி மணிக்கணக்கா அது மேலயே சுத்திச் சுத்தி எடுத்து இதை சரிபாத்தாங்க. சுத்தம் பண்ற படகு எந்தத் திட்டுக்கு முதல்ல போகணும்னு முடிவு பண்ண இந்த மாதிரி தகவல் தான் வேணும்.

செப்டம்பர் 3

மிசிசிப்பி டெல்டால 2021ல டெல்டா-எக்ஸ் ஆய்வு, அலை ஏறி இறங்கறப்போ சதுப்புக்குள்ள தண்ணி மட்டம் எப்படி மாறுதுன்னு பாக்க அதே கோட்டுல சுமார் அரை மணிக்கு ஒருக்கா பறந்தாங்க. 12 நாள் எங்க, அரை மணி எங்க.

செப்டம்பர் 9

காடு பத்தி ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. எல்-பேண்ட் இலையைத் தாண்டி கிளைக்குள்ள போகும், கிடையா அதிர்ற அலையை அனுப்பி செங்குத்தா அதிர்ற அலையை வாங்கற கலவைல மரத்தோட எடை ஓரளவு தெரியும். ஆனா ஏக்கர் கணக்குல பெரிய மரம் அடர்ந்த காட்டுல ஒரு அளவுக்கு மேல சிக்னல் ஏறாது, ஹெக்டேருக்கு 100 டன் பக்கத்துல நின்னுடும். அதுக்கு மேல இன்னும் நீளமான அலை வேணும். ஐரோப்பாக்காரங்க 2025 ஏப்ரல் 29 அனுப்பின பயோமாஸ் சாட்டிலைட் பி-பேண்ட், அலைநீளம் 70 செ.மீ.

அந்த சாட்டிலைட் மேல போறதுக்கு 9 வருஷம் முன்னாடி, 2016ல காபோன் நாட்டுல ஜெர்மன்காரங்க விமானமும் நாசா விமானமும் ஒரே காட்டு மேல பறந்து எடுத்தாங்க, கீழ ஆளுங்க மரத்தை டேப் வச்சு சுத்தளவு எடுத்தாங்க. எந்த எதிரொலிக்கு எத்தனை டன்னுங்கற கணக்கு உருவாக அதுவும் உதவிச்சு. காபோன் கடலோரம் 60 மீட்டருக்கு மேல வளந்த அலையாத்தி மரம் இருக்கு தெரியுமா? பிச்சாவரத்துல படகுல போய் பாத்த கண்ணுக்கு அந்த உயரம் நம்பவே முடியல.

செப்டம்பர் 10

இதுல இருந்து கேள்வி கேட்டவருக்கு நேரா ஒண்ணு. நிசார் வந்துட்டதால விமானம் வேண்டாம்னீங்க. நிசாரோட எல்-பேண்ட் அலையும் யுஏவி-சார் அலையும் கிட்டத்தட்ட ஒரே அதிர்வெண். யுஏவி-சார் டேட்டாவை கூர்மை குறைச்சு, இரைச்சல் சேத்து "நிசார் இப்படித்தான் தரும்"னு மாதிரி டேட்டா வெளியிட்டாங்க, உலகம் முழுக்க ஆளுங்க மென்பொருள் எழுதினது அதை வச்சு. 2019ல அமெரிக்காவோட தென்கிழக்குல காலைலயும் சாயங்காலமும் பறந்து காடும் பயிரும் நிசாருக்கு எப்படி தெரியும்னு ஒத்திகை பாத்தாங்க. இஸ்ரோ பக்கம், எல்-பேண்டும் எஸ்-பேண்டும் சேந்த விமான ரேடார் ஒண்ணை அகமதாபாத்ல பண்ணி முதல்ல இங்க பீச்கிராஃப்ட் விமானத்துல பறக்க விட்டாங்க, அப்புறம் 2019 டிசம்பர்ல அதை நாசாவோட கல்ஃப்ஸ்ட்ரீம்ல மாட்டி அமெரிக்கா மேலயே பறந்தாங்க. அதுக்கும் முன்னாடியே ஹைதராபாத்ல இஸ்ரோவோட தொலையுணர்வு மையமான என்ஆர்எஸ்சில வெள்ள நேரத்துக்குன்னு சி-பேண்ட் விமான ரேடார் ஒண்ணு இருந்துச்சு. விமானத்துல பழகாம எந்த நாடும் நேரா ரேடார் சாட்டிலைட் அனுப்பினதா எனக்கு தோணல, குறைஞ்சபட்சம் இந்த ரெண்டு நாடும் அப்படி பண்ணல.

செப்டம்பர் 14

செலவு பத்தி திரும்ப கேக்கறீங்க. நியாயம் தான். பழைய ஜெட், எரிபொருள், பராமரிப்பு, ஆளு. ரேடாருக்கு மழை பிரச்சினை இல்ல, ஆனா விமானத்துக்கு இருக்கு, புயல் அடிக்கறப்போ பறக்க முடியாது. தூர நாட்டுக்கு கொண்டு போகணும்னா அனுமதி வாங்கவே மாசக்கணக்கு. அதனால உலகம் முழுக்க விமானத்துல பாக்கறதை யாரும் கேக்கல. எங்க சாட்டிலைட் சந்தேகத்தை கிளப்புதோ அங்க போய் பொடிப்பொடியா அளக்க ஒண்ணு ரெண்டு விமானம் தயாரா நிக்கணும், அப்பப்ப கரை, அணை, நிலச்சரிவு மேல வேலை இல்லாதப்பவும் ஒரு சுத்து போயிட்டு வரணும். இது தான் நான் கேக்கறது. நம்ம நாட்டுலயும் கேக்கறேன்.

செப்டம்பர் 15

பனிக்கட்டிக்கும் பறந்திருக்கு. 2016ல இருந்து 2019 வரைக்கும் வருஷா வருஷம் கிரீன்லாந்து கடலோரம், வேற ரேடார், கே-ஏ பேண்ட், அலைநீளம் ஒரு செ.மீக்கும் கம்மி, பனிக்கட்டியோட மேல்மட்ட உயரத்தை மட்டும் அளக்கும். ஒரே பறப்புல ரெண்டு ஆன்டெனா, அதனால குழாய் பிரச்சினை இல்ல. வேகமா உருகுதுன்னு பேர் எடுத்த யாகோப்ஷாவ்ன் பனியாறு 2016ல இருந்து தடிச்சிருந்துச்சு, எல்லாரும் அதிர்ந்து போனாங்க. அந்தப் பக்கம் கடல் தண்ணி கொஞ்ச காலத்துக்கு குளிர்ந்தது காரணம்னு 2019ல கட்டுரை வந்துச்சு. கடல் சூடு அந்த ஐஸை எவ்வளவு தூரம் ஆட்டி வைக்குதுன்னு அதுல தெரிஞ்சதால கவலை கூடினதே தவிர குறையல.

செப்டம்பர் 20

டேட்டா எங்க, எப்படி திறக்கறதுன்னு கேட்ட தம்பிக்கு. அலாஸ்கா சாட்டிலைட் ஃபெசிலிட்டி தளத்துல இருக்கு, நாசாவோட எர்த்டேட்டா கணக்கு இலவசம். ஃபைல் பேர்ல ஊர் பேருக்கு அடுத்து அஞ்சு இலக்க எண் வரும், அதுல முதல் மூணு விமானம் பறந்த திசை, டிகிரில. 265ன்னா மேற்கு பக்கம் போயிருக்கு. முதல்ல இதை பாருங்க, ரேடார் இடப்பக்கம் பாக்குதுன்னு மனசுல வச்சுக்கிட்டு எந்தப் பக்க நகர்வு இதுல தெரியும், எது தெரியாதுன்னு யோசிங்க.

தரை வரைபடத்துக்கு பொருந்தற மாதிரி மாத்தின ஃபைலை எடுங்க, ஒரு பிக்சல் சுமார் 6 மீட்டர், சாதா லேப்டாப் தாங்கும். உள்ள ஹெட்டர் எதுவும் இருக்காது, எத்தனை வரிசை எத்தனை நெடுவரிசைன்னு கூடவே வர்ற டெக்ஸ்ட் ஃபைல்ல இருக்கும், அதை பாத்து மென்பொருளுக்கு சொல்லணும்.

டெல்டாலயோ பாயூ கோர்ன்லயோ ஆரம்பிக்காதீங்க, சதுப்பும் மரமும் படுத்தி எடுக்கும். 2010 ஏப்ரல் 4 மெக்சிகோ எல்லைல வந்த 7.2 நிலநடுக்கத்துக்கு, 2009 அக்டோபரும் 2010 ஏப்ரலும் சேந்த ஜோடி இருக்கு, கலெக்ஸிகோ பக்கம். நிலம் 80 செ.மீ வரைக்கும் நகந்திருக்கு. ஒரு வளையத்துக்கு 12 செ.மீ, ஓரத்துல இருந்து எண்ணிக்கிட்டே வாங்க, உங்க எண்ணிக்கை அதுக்கு பக்கத்துல வருதான்னு பாத்துட்டு இங்க எழுதுங்க.